தாங்கு கதிர்கள்: தேர்வும் பயன்பாடும்

கையால் நூற்கும் கதிர்கள் முக்கியமாக இரண்டு வகைப்படும். தொங்கு கதிர், தான் முறுக்கும் நூலிலேயே தொங்கிக்கொண்டு சுழலும். தாங்கு கதிரின் கீழ்முனை ஒரு கிண்ணத்திலோ, பலகையிலோ, தரையிலோ ஊன்றி நிற்க, கதிர் அதன்மேல் பம்பரமாகச் சுழலும். தமிழ்நாட்டில் பலரும் பள்ளிக் கைத்தொழில் வகுப்பில் பழகிய தக்ளி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு எடை எங்கே இறங்குகிறது என்பதுதான். தொங்கு கதிரின் எடை முழுவதையும் அப்போதுதான் உருவாகும் நூல் சுமக்க வேண்டும். ஆட்டு ரோமம்போல் நீண்ட இழைகள் அதைத் தாங்கும். பருத்தி இழை பெரும்பாலும் 20 முதல் 35 மில்லிமீட்டர் நீளமே உடையது. போதிய முறுக்கு ஏறும்வரை அந்த இழைகள் ஒன்றையொன்று பற்றாது. எடை இழுத்தால் உருவிக்கொண்டு பிரிந்துவிடும். தாங்கு கதிரின் எடையைக் கிண்ணம் வாங்கிக்கொள்வதால், முறுக்கேறாத நூலும் அறுபடாமல் நீள்கிறது. பருத்தி, காஷ்மீர் ஆட்டின் உள்மயிர், யாக் மயிர், அங்கோரா முயல் ரோமம் ஆகிய குட்டை இழைகளுக்கும், எந்த இழையிலும் மிக மெல்லிய நூலுக்கும் தாங்கு கதிர் பொருந்துவதற்கு இதுவே காரணம். உட்கார்ந்த இடத்திலேயே நூற்கலாம் என்பது கூடுதல் வசதி.

கதிரின் உறுப்புகள்

கதிரில் தண்டு, வட்டு, மேல்முனை, கீழ்முனை என்று நான்கு உறுப்புகள் உள்ளன. தண்டு நூலைச் சுற்றிவைக்கும் இடம். வட்டு, சுழற்சியை நிலைநிறுத்தும் எடை. மேல்முனையில் கொக்கியோ வெட்டோ இருக்கலாம். வெறும் கூர்முனையாகவும் இருக்கலாம். கீழ்முனைதான் உராய்வைத் தாங்குகிறது.

கதிரின் குணத்தைத் தீர்மானிப்பது வட்டின் அகலம். எடை தண்டை ஒட்டி இருந்தால் கதிர் மிக வேகமாகச் சுழலும். அதே எடை விளிம்பில் பரவி இருந்தால் மெதுவாகவும் நெடுநேரமும் சுழலும். எவ்வளவு வேகம் வேண்டும் என்பது நூலைப் பொறுத்தது. பருத்தி நூலில் ஓர் அங்குலத்துக்கு வேண்டிய முறுக்கு, நூலின் நம்பருடைய (நூல் மெலிய மெலிய நம்பர் கூடும்) வர்க்கமூலத்தைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு. 20-ஆம் நம்பர் நூலுக்கு அங்குலத்துக்குச் சுமார் 18 முறுக்கும், 40-ஆம் நம்பருக்குச் சுமார் 25 முறுக்கும் தேவை. கை நீளும் தூரமான 24 அங்குலத்தை 20-ஆம் நம்பரில் நூற்கக் கதிர் 430 முறைக்குமேல் சுற்ற வேண்டும். கம்பளத்துக்கான தடித்த ரோம நூலுக்கு அங்குலத்துக்கு 3 முறுக்கு போதுமென்றால், அதே நீளத்துக்கு 72 சுற்றுகளில் வேலை முடிந்துவிடும். எனவே மெல்லிய பருத்தி நூலுக்குச் சிறிய வட்டும், தடித்த ரோம நூலுக்கு அகன்ற வட்டும் ஏற்றவை.

வகைகள்

தக்ளி: உலோகத் தண்டும் பித்தளை அல்லது இரும்பு வட்டும் கொண்டது. நீளம் 15 முதல் 18 செ.மீ. வரையிலும், வட்டின் குறுக்களவு 2 முதல் 3 செ.மீ. வரையிலும் இருப்பது வழக்கம். வட்டு கீழ்முனைக்குச் சற்று மேலே பொருத்தப்பட்டிருக்கும். மேல்முனையில் சிறு கொக்கி இருக்கும். இந்த அமைப்பின் முன்னோடிகள் மிகப் பழையவை. சிவகங்கை மாவட்டம் கீழடி அகழாய்விலும் நூல் நூற்கும் கதிர்களின் வட்டுகள் கிடைத்துள்ளன. ராட்டையைவிட விலை குறைவு, சட்டைப்பையில் அடங்கும் அளவு, பழுதாக எதுவும் இல்லாத எளிமை ஆகியவற்றால் காந்தி தக்ளியைப் பரப்பினார். 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம் அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. பருத்தி நூற்கத் தொடங்குபவருக்கு இன்றும் இதுவே முதல் தேர்வு.

டாக்கா மஸ்லின் கதிர்: தடித்த ஊசி அளவே கனமான இரும்புக் கம்பி. அதில் எடைக்காகச் சிறு களிமண் உருண்டை ஒட்டப்பட்டிருக்கும். களிமண்ணில் பதித்த சிப்பித் துண்டின் குழியில் முனையை ஊன்றிச் சற்றுச் சாய்த்துப் பிடித்து நூற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் டாக்காவில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் டெய்லர் இந்த முறையை விவரித்திருக்கிறார். அதிகாலையிலும் பிற்பகலின் இறுதியிலும் மட்டுமே நூற்பு நடந்தது. காற்று வறண்டிருந்தால் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதன்மேல் நூற்றார்கள். ஈரத்தில் பருத்தி இழை வலுப்பெறும் என்பதே இதன் காரணம்.

ரஷ்யக் கதிர்: தனி வட்டு கிடையாது. மரத்தண்டின் கீழ்ப்பகுதியே பருத்து எடையாகிறது. மேல்முனை ஊசிபோல் கூர்மையானது, கொக்கி இல்லை. ஓரன்பர்க் சால்வைகளுக்கான ஆட்டு உள்மயிரை இதில் நூற்கிறார்கள்.

திபெத்தியக் கதிர்: இப்பெயரில் விற்பவை 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள மரக்கதிர்கள். வட்டு தண்டின் கீழ்ப்பாதியில் இருக்கும். ரஷ்யக் கதிரைவிட நெடுநேரம் சுழலும். மென்மையான ஆட்டு ரோமத்துக்கும் யாக் மயிருக்கும் ஏற்றது.

நவஹோ கதிர்: அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்களின் கம்பள நெசவுக்கானது. முக்கால் மீட்டர் அளவு நீண்ட தண்டும் உள்ளங்கை அகல வட்டும் உடையது. கீழ்முனையைத் தரையில் ஊன்றி, தண்டைத் தொடையில் உருட்டி நூற்பார்கள். தடித்த ரோம நூலுக்குப் பொருத்தமானது.

பார்த்து வாங்குதல்

தக்ளி வாங்கும்போது ஐந்து சோதனைகள் போதும்.

1. தண்டின் நேர்மை: வட்டு மேசைக்கு வெளியே நிற்கும்படி தண்டை விளிம்பில் வைத்து உருட்ட வேண்டும். கொக்கிப் பக்கம் தூக்கித் தூக்கி விழுந்தால் தண்டு வளைந்திருக்கிறது.

2. வட்டின் பொருத்தம்: தண்டு வட்டின் நட்டநடுவில் செங்குத்தாகப் புக வேண்டும். சுழலும்போது வட்டின் விளிம்பு ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. விளிம்பு மேலும் கீழும் அலைந்தால் வட்டு சாய்ந்திருக்கிறது. கையால் திருகினால் வட்டு அசையவும் கூடாது.

3. கீழ்முனை: மழுங்கிய கூர்மையே நல்லது. ஊசிக்கூர்மை கிண்ணத்தைக் குத்தி நின்றுவிடும். தட்டையான முனை உராய்ந்து வேகம் இழக்கும்.

4. கொக்கி: வளைவின் நடு தண்டின் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஒதுங்கிய கொக்கி, தண்டு நேராக இருந்தாலும் தக்ளியை ஆட்டிவைக்கும். கொக்கியின் உட்புறத்தில் பஞ்சை இழுத்துப் பார்த்தால் பிசிறு இருப்பது தெரிந்துவிடும்.

5. சுழலும் நேரம்: வழவழப்பான கிண்ணத்தில் வெறும் தக்ளியை ஒரு முறை சுண்டிவிட்டால் அரை நிமிடமாவது சுழல வேண்டும்.

எடை 15 முதல் 20 கிராம் வரை இருந்தால் தொடங்குபவருக்கு வசதி. 40-ஆம் நம்பருக்குமேல் மெல்லிய நூல் வேண்டுபவர் இதைவிட இலேசானதைத் தேடலாம். மரக்கதிர் வாங்குபவர் மேல்முனையையும் கவனிக்க வேண்டும். அந்த முனையில் நூல் ஒவ்வொரு சுற்றிலும் வழுக்கி விழுவதால் சிறு பிளவுகூட இழையைப் பிடித்துவிடும்.

வீட்டில் செய்துகொள்ளவும் முடியும். பழைய சைக்கிள் கம்பியை 17 செ.மீ. அளவுக்கு வெட்டி, ஒரு முனையை அரத்தால் தேய்த்து, மறுமுனையைக் கொக்கியாக வளைக்க வேண்டும். வட்டுக்கு உடைந்த சிலேட்டோ கனமான மரப்பொத்தானோ போதும். துளையை நடுவில் இட்டபிறகு விளிம்பைத் தேய்த்து வட்டமாக்குவது எளிது. வட்டமாக்கிவிட்டு நடுவைத் தேடுவது கடினம். கம்பி இல்லையென்றால் நன்கு காய்ந்த மூங்கில் குச்சியும் உதவும். முனையில் சிறு வெட்டு போட்டால் கொக்கியின் வேலையை அது செய்யும்.

கிண்ணம்

கதிர் வாங்குபவர்கள் பலர் கிண்ணத்தை மறந்துவிடுகிறார்கள். கிண்ணத்தின் உட்புறம் குழிந்தும் வழவழப்பாகவும் இருந்தால்தான் முனை தானே நடுவுக்கு வந்து நிற்கும். தட்டையான அடி கொண்ட கிண்ணத்தில் கதிர் அலைந்து சுவரில் மோதும். உட்புறம் உப்புத்தாளால் தேய்த்து மெருகிட்ட தேங்காய்ச் சிரட்டை தக்ளிக்கு மிகவும் ஏற்றது, சத்தமும் வராது. சிறிய பீங்கான் கிண்ணமும் நன்று. எவர்சில்வர் கிண்ணத்தில் சுழற்சி நன்றாக இருந்தாலும் உலோகம் உரசும் ஓசை உண்டு. கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணியோ சும்மாடு போன்ற துணி வளையமோ வைத்தால் நகராது.

பஞ்சும் பட்டையும்

நூல் நன்றாக வருவதில் கதிருக்கு உள்ள பங்கைவிடப் பஞ்சுக்கு உள்ள பங்கு பெரிது. கோவில்பட்டி வட்டாரக் கரிசல் மண்ணில் விளையும் கருங்கண்ணி குட்டை இழை. அதில் 10 முதல் 20 வரையிலான நம்பர் நூல் இயல்பாக வரும். எம்.சி.யு. 5 போன்ற நீள இழைப் பருத்தியில் 40-ஆம் நம்பருக்குமேல் போகலாம். 1974-இல் கோவையில் உருவான சுவின், இந்தியப் பருத்திகளில் மிக நீண்ட இழை உடையவற்றுள் ஒன்று. நுண்ணிய நூலுக்கு உகந்தது. பழகுபவருக்கு நடுத்தர நீள இழையே நல்லது.

சில பஞ்சுகளைத் தவிர்க்க வேண்டும். இலவம்பஞ்சு இழை வழவழப்பானது, எளிதில் ஒடியக்கூடியது. பருத்தி இழைக்கு உள்ள இயற்கையான திருகல் அதில் இல்லாததால் ஒன்றையொன்று பற்றாது. மருந்துக்கடைப் பஞ்சில் இழையின் மெழுகு நீக்கப்பட்டிருக்கும்; அது சீராக வழுக்கி நீளாமல் சிக்கிக்கொள்ளும். பழைய மெத்தைப் பஞ்சில் இழைகள் முறிந்து கட்டி தட்டியிருக்கும்.

கொட்டை நீக்கிய பஞ்சை வெயிலில் சிறிது காயவைத்து, வில்லால் கொட்டியோ கம்பித் தூரிகை அட்டைகளால் சீவியோ உதிரியாக்க வேண்டும். பிறகு கைக்குட்டை அகலத்துக்கு மெல்லிய படலமாகப் பரப்பி, வழவழப்பான குச்சி ஒன்றை அதன்மேல் வைத்து, உள்ளங்கையால் உருட்டிக் குச்சியை உருவிவிட்டால் பட்டை கிடைக்கும். சுண்டுவிரல் பருமனும் ஒரு சாண் நீளமும் போதும். இறுக்கி உருட்டிய பட்டையில் இழை வெளிவராது; தளர்வாக உருட்டியதில் கொத்துக் கொத்தாக வரும். பட்டையின் நுனியை இரண்டு விரலால் மெல்ல இழுத்தால், திரி அறுபடாமல் கூம்பி வர வேண்டும். அதுவே சரியான பட்டையின் அடையாளம்.

நூற்கும் முறை

நூற்பவர் சம்மணமிட்டோ தாழ்வான இருக்கையிலோ அமர்ந்து, கிண்ணத்தை வலப்பக்கத் தொடைக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். இடக்கைக்காரர் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தொடக்கத்துக்குத் தனி நூல் தேவையில்லை. பட்டையின் நுனியைக் கொக்கியில் தொட்டு, தக்ளியை மெல்லத் திருப்பினால் சில இழைகள் கொக்கியில் பற்றும். திருப்பிக்கொண்டே பட்டையைப் பின்னுக்கு இழுத்தால் ஒரு சாண் நூல் உருவாகும். அதைக் கொக்கியிலிருந்து எடுத்து, வட்டுக்கு மேலே தண்டில் முடிச்சிட்டு, நாலைந்து சுற்று சுற்றி, தண்டின்மேல் சாய்வாக ஏற்றி, மறுபடி கொக்கியில் மாட்ட வேண்டும்.

இனி வலக்கைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தண்டின் மேற்பகுதியைச் சுண்டிவிட வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையே வழக்கமானது. எந்தத் திசையில் தொடங்கினாலும் நூற்று முடியும்வரை அதை மாற்றக் கூடாது. வலக்கை விரல்கள் தண்டை இறுக்காமல் வளையமாக நின்று, தக்ளி சாயாமல் காத்தால் போதும்.

இடக்கை பட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்து, முறுக்கு வந்து தொடும்போது மேல்நோக்கி விலக வேண்டும். கை முந்தினால் நூல் அறும். முறுக்கு முந்தினால் பட்டைக்குள் ஏறி இழைகளைப் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில் செல்வதுதான் பயிற்சியால் வரவேண்டிய கைப்பழக்கம்.

முதல் இழுப்பில் நூல் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யும் வழி முறுக்கின் இயல்பிலேயே உள்ளது. முறுக்கு மெல்லிய இடத்தில்தான் முதலில் குவியும். தடித்த இடம் தளர்வாகவே நிற்கும். பாதி முறுக்கேறிய நிலையில் பட்டையின் வாயை விரலால் அடைத்து, நூலை மெதுவாக விலக்கி இழுத்தால், முறுக்கேறிய மெல்லிய பகுதி நீளாது. தளர்ந்த தடிப்பு மட்டும் நீண்டு மெலியும். மெலிந்ததும் முறுக்கு அங்கே ஓடிவரும். இப்படித் தடிப்புகள் கரைந்தபின் மீண்டும் ஒரு முறை சுண்டி மீதி முறுக்கைக் கொடுக்க வேண்டும். தொங்கு கதிரில் எடை இழுத்துக்கொண்டே இருப்பதால் குட்டை இழைக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

கை முழுதும் நீண்டதும் கொக்கியிலிருந்து நூலை விடுவித்து, விறைப்பாகப் பிடித்தபடி வட்டுக்கு மேலே சுற்ற வேண்டும். அடியில் பருத்தும் மேலே குறுகியும் கூம்பு வடிவில் கண்டு (தண்டில் சேரும் நூற்சுருள்) வளர்ந்தால் தக்ளியின் சமநிலை கெடாது. ஒரு பக்கமாகக் குவிந்தால் ஆட்டம் தொடங்கும். பத்து செ.மீ. நூலை மீதம் வைத்து, கொக்கியில் மாட்டி அடுத்த இழுப்பைத் தொடங்கலாம். கண்டு 5 கிராம் அளவு வந்ததும் கழற்றிவிடுவது நல்லது.

வேகம் கூடுதலாக வேண்டுபவர் தக்ளியைத் தொடைமேல் கிடத்தி உள்ளங்கையால் உருட்டிவிட்டு, சுழலும்போதே கிண்ணத்தில் ஊன்றலாம். ஒரே உருட்டலில் விரலால் சுண்டுவதைவிடப் பல மடங்கு சுற்று கிடைக்கும்.

கொக்கி இல்லாத ரஷ்ய, திபெத்தியக் கதிர்களில் ஒரே மாற்றம் நூலின் கோணம். நூலைத் தண்டின் நேர்க்கோட்டிலிருந்து சுமார் 45 பாகை விலக்கிப் பிடித்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது கூர்முனையில் ஏறி வழுக்கி விழும். ஒவ்வொரு வழுக்கலும் ஒரு முறுக்கு. செங்கோணத்துக்கு விலக்கினால் முறுக்கு நின்று நூல் தண்டில் சுற்றத் தொடங்கும். கண்டு சுற்றுவதற்கு அந்தக் கோணமே பயன்படுகிறது.

அறுந்த நூலை முடிச்சிடக் கூடாது. அறுந்த முனையின் முறுக்கை இரண்டு செ.மீ. பிரித்து விசிறியாக்கி, பட்டையிலிருந்து இழுத்த இழைகளை அதன்மேல் படியவைத்து, மெல்ல முறுக்கை ஏற்ற வேண்டும். ஒட்டிய இடத்தை இலேசாக இழுத்துப் பார்த்தபிறகே தொடரலாம்.

பிழைகளும் தீர்வுகளும்

- பட்டையின் வாயருகே அடிக்கடி அறுகிறது: முறுக்கு போதவில்லை. இழுப்பைக் குறைத்து, ஒரு சுண்டலைக் கூட்ட வேண்டும்.
- தளர விட்டதும் நூல் சுருண்டு பூட்டிக்கொள்கிறது: முறுக்கு மிகை. கதிரை நிறுத்தி, இன்னும் சிறிது பஞ்சை விட்டு இழுத்தால் முறுக்கு பரவிவிடும். பருத்திக்கு ஓரளவு சுருளல் இயல்பு.
- நூல் கட்டை கட்டையாக வருகிறது: பட்டை சரியாகச் சீவப்படவில்லை, அல்லது விரல்பிடி இறுகியிருக்கிறது.
- தக்ளி கிண்ணத்தில் அலைகிறது: கண்டு ஒருபுறம் சரிந்திருக்கிறது, அல்லது கொக்கி வளைந்திருக்கிறது.
- வறண்ட நாளில் இழைகள் பறக்கின்றன: அறையில் ஈரத்துணி தொங்கவிட்டாலோ காலையில் நூற்றாலோ குறையும். விசிறிக் காற்று கூடாது.

சிட்டம், வேகவைத்தல், நம்பர்

கழற்றிய கண்டுகளின் நூலை ஒரு பலகையிலோ நாற்காலியின் முதுகிலோ சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுப்போட வேண்டும். ஒரு சுற்றின் நீளத்தை அளந்து வைத்துக்கொண்டால், சுற்றுகளை எண்ணியே மொத்த நீளத்தை அறியலாம்.

சிறிது சோப்பு கலந்த தண்ணீரில் சிட்டத்தை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். முறுக்கு நிலைக்கும், மெழுகும் அழுக்கும் நீங்கும். தண்ணீர் பழுப்பாவது இயல்பு. அலசிப் பிழிந்து, உதறி, நிழலில் உலர்த்தினால் சுருளல் பெரிதும் அடங்கிவிடும்.

நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்ற எண்ணிக்கை. மீட்டர் கணக்கில், 100 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் நிறுத்து, 59-ஐ அந்த எடையால் வகுத்தால் போதும். 100 மீட்டர் 3 கிராம் இருந்தால் சுமார் 20-ஆம் நம்பர். 6 கிராம் இருந்தால் சுமார் 10-ஆம் நம்பர். நூல் முழுதும் உலர்ந்தபின் நிறுக்க வேண்டும். ஈரம் நம்பரைக் குறைத்துக் காட்டும்.

ஒற்றைப் புரி நூல் ஊடைக்கு அப்படியே ஏற்றது. பாவுக்கு முறுக்கைச் சற்றுக் கூட்டி நூற்று, கஞ்சி போட வேண்டும். அல்லது இரண்டு புரியாகச் சேர்க்க வேண்டும். புரி சேர்க்கும்போது இரண்டு கண்டுகளின் நூலையும் ஒன்றாகப் பிடித்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் கதிரைச் சுழற்ற வேண்டும். வேகவைப்பதானால் புரி சேர்த்தபிறகு வேகவைப்பதே முறை. புரி சேர்க்கும் வேலைக்கு வேகத்தைவிட நீடித்த சுழற்சி தேவை என்பதால், நூற்ற தக்ளியைவிடச் சற்றுக் கனமான, அகன்ற வட்டுள்ள கதிர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.